நீர் ஒட்டாத, மின்சாரம் கடத்தும் நுண்தூண்கள்: பிடிஎம்எஸ் ரப்பரில் வார்க்கும் முறை

தண்ணீர் ஒட்டாத பரப்பு மட்டும் போதுமென்றால் சிலிக்கோன் ரப்பரில் நுண்தூண்களை வார்த்தாலே ஆயிற்று. மின்சாரம் மட்டும் கடத்த வேண்டுமென்றால் அதே ரப்பரில் கார்பனைக் கலக்கலாம். இரண்டும் ஒரே துண்டில் வேண்டும் என்றால்தான் தலைவலி. கடத்துதிறனுக்காகக் கார்பனைக் கூட்டினால் கலவை இறுகும். இறுகிய கலவை 10 மைக்ரோமீட்டர் குழிக்குள் இறங்காது. இறங்கட்டும் என்று கார்பனைக் குறைத்தால் மின்சாரம் போகாது. இரண்டுக்கும் நடுவில் தாராளமான இடமெல்லாம் இல்லை. அந்த இடம் எவ்வளவு என்பதைக் கார்பனை எவ்வளவு நன்றாகப் பிரித்தோம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

கடத்தும் பாலிமரையே வார்த்துவிடலாமே என்று தோன்றும். பாலிஅசெட்டிலீன் மின்சாரம் கடத்துவதை 1977-இல் காட்டிய ஹீகர், மக்டயர்மிட், ஷிராகவா மூவருக்கும் 2000-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதற்குப் பின் வந்த கடத்தும் பாலிமர்களுக்கும் குறைவில்லை. ஆனால் இன்று பாட்டிலில் எளிதாகக் கிடைக்கும் பெடாட்-பிஎஸ்எஸ் தண்ணீரில் கரைத்து வருவது. அதிலுள்ள சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் ஈரத்தை இழுக்கும், படலம் உப்பும். தண்ணீரை விலக்க வேண்டிய பரப்புக்கு அது சரிப்படாது. ஆகவே தானாகவே நீரை வெறுக்கும் பாலிடைமெத்தில்சிலோக்சேன், சுருக்கமாகப் பிடிஎம்எஸ், அதில் பலசுவர் கார்பன் நானோகுழாய்: இந்தச் சேர்க்கையைத்தான் கீழே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் கணக்கு

அளவைக் கணக்குப் போடாமல் ஒளி முகமூடியை (அச்சின் வடிவத்தை ஒளியால் பதிக்க உதவும் மறைப்புத் தகடு) வரைந்து அனுப்பாதீர்கள். சமதளப் பிடிஎம்எஸ் மேல் நீர்த்துளியின் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம்) 105 முதல் 110 டிகிரி வரை இருக்கும். 108 என்று வைத்துக்கொள்வோம். அதன் கோசைன் −0.309. துளி தூண்களின் தலைமேல் மட்டும் உட்கார்ந்து, அடியில் காற்று தங்கினால் அது காசி-பாக்ஸ்டர் நிலை (1944). தண்ணீர் இடுக்குக்குள் இறங்கி எல்லாவற்றையும் நனைத்துவிட்டால் வென்செல் நிலை (1936). நமக்கு வேண்டியது முதலாவது.

10 மைக்ரோமீட்டர் விட்டம், நடுவிலிருந்து நடுவுக்கு 20 மைக்ரோமீட்டர் தூரம், சதுர அடுக்கு. தூண் தலைகளின் பங்கு மொத்தப் பரப்பில் 0.196. இதை (1 − 0.309) ஆல் பெருக்கி 1-ஐக் கழித்தால் −0.864 வரும், அதாவது சுமார் 150 டிகிரி. தூரத்தை 25 மைக்ரோமீட்டராக்கினால் பங்கு 0.126 ஆகக் குறைந்து கோணம் 156-க்கு ஏறுகிறது. இதைப் பார்த்து ஆசைப்பட்டு இடைவெளியை அகட்டுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு.

காற்று அடியில் நிலைத்து நிற்குமா என்பதைத் தூண்களின் பக்கவாட்டையும் சேர்த்த மொத்தப் பரப்பைத் தட்டையான பரப்பால் வகுத்த கரடுமுரடு எண் சொல்கிறது. பங்கில் 1-ஐக் கழித்து, அதைக் கரடுமுரடு எண்ணுக்கும் பங்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் எல்லைக் கோணத்தின் கோசைன் கிடைக்கும். பொருளின் இயல்பான கோணம் இந்த எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். 30 மைக்ரோமீட்டர் உயரத்தில், 20 தூரத்துக்குக் கரடுமுரடு எண் 3.36, எல்லை சுமார் 105 டிகிரி. நம் 108 தாண்டிவிடுகிறது. 25 தூரத்துக்கோ எண் 2.51, எல்லை 111 டிகிரிக்கு மேல். அங்கே துளி முதலில் உருண்டு காட்டும். ஒரு தட்டுத் தட்டினாலோ மேலிருந்து விழுந்தாலோ உள்ளே இறங்கிவிடும், அப்புறம் வெளியே வராது. 25 தூரத்திலும் எல்லையை 105-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் தூண் 50 மைக்ரோமீட்டர் உயரம் வேண்டும். உயரம் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கான மெல்லிய ரப்பர்த் தூண்கள் பக்கத்துத் தூண்களோடு சாய்ந்து கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே 10 விட்டம், 20 தூரம், 30 உயரம். கோணம் ஆறு டிகிரி குறைந்தாலும் நம்பகமானது இதுதான்.

50 × 50 மில்லிமீட்டர் அச்சுக்கு வேண்டியவை

சில்கார்ட் 184 அல்லது அதற்கு இணையான இருபாகப் பிடிஎம்எஸ். எதிரச்சுக்கு (தாய் அச்சின் தூண்களைக் குழிகளாக நகலெடுக்கும் ரப்பர் அச்சு) 30 கிராமுக்குக் குறையாமல், கடத்தும் கலவைக்குத் தனியே 5.5 கிராம்.
பலசுவர் நானோகுழாய் 0.23 கிராம்: வெளிவிட்டம் 10–20 நானோமீட்டர், தூய்மை 95 சதவீதத்துக்கு மேல், மேற்பரப்பில் எந்த வேதித் தொகுதியும் ஏற்றாதது.
குளோரோஃபார்ம் 80 மி.லி.
டிரைகுளோரோ-பெர்ஃபுளோரோஆக்டைல் சிலேன், சில சொட்டுகள்.
எஸ்யு-8 2025 ஒளித்தடுப்புப் பிசின் (ஒளி பட்ட இடம் கெட்டிப்படுவது), 4 அங்குலச் சிலிக்கான் தகடு, எஸ்யு-8 கரைப்பான், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்.
பசையில்லாத வெறும் செப்புத் தகடு, 5 மில்லிமீட்டர் அகலப் பட்டைகள் இரண்டு.

நானோகுழாயில் "தொகுதி ஏற்றாதது" என்பதைக் கவனியுங்கள். இந்த ரப்பர் பிளாட்டினம் ஊக்கியால் கெட்டிப்படுவது. அமீன், கந்தகம், வெள்ளீயச் சேர்மம் இவற்றில் எது சிறிது இருந்தாலும் பிளாட்டினம் செயலிழந்து, ரப்பர் பிசுபிசுவென்றே நிற்கும். அமீன் ஏற்றிய நானோகுழாய், கந்தகம் கலந்த ஃபர்னஸ் கார்பன் கறுப்பு, லேட்டக்ஸ் கையுறை மூன்றும் ஆகாது. நானோகுழாய்க்குப் பதில் கார்பன் கறுப்புதான் என்றால் அசெட்டிலீன் கறுப்பை எடுங்கள், 12 முதல் 15 சதவீதம் போட வேண்டிவரும். கலவை மிகவும் தடிக்கும் என்பதால் 20 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த தூண்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

தாய் அச்சு

மஞ்சள் வெளிச்ச அறையில் செய்ய வேண்டியது. தகட்டை 200 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் காயவைத்து ஆறவிடுங்கள். 4 மி.லி. எஸ்யு-8 ஊற்றி, நிமிடத்துக்கு 500 சுற்றில் 10 வினாடி, பிறகு 2500 சுற்றில் 30 வினாடி. 30 மைக்ரோமீட்டருக்கு அருகில் தடிமன் வரும். கருவிக்குக் கருவி மாறும் என்பதால் ஒரு சோதனைத் தகட்டில் அளந்து சுற்றைத் திருத்திக்கொள்ளுங்கள். 65 டிகிரியில் 2 நிமிடம், 95-இல் 6 நிமிடம். முகமூடி வழியே 365 நானோமீட்டர் ஒளியில் சதுர சென்டிமீட்டருக்கு 150–160 மில்லிஜூல். 65-இல் 1 நிமிடம், 95-இல் 6 நிமிடம். இந்தச் சூடேற்றலின்போது வடிவம் மங்கலாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒளி போதவில்லை, மேற்கொண்டு போவது வீண். கரைப்பானில் 5 நிமிடம், ஆல்கஹாலில் அலசல். அலசும்போது வெள்ளைப் படலம் தெரிந்தால் இன்னும் கரையவில்லை என்று பொருள். மீண்டும் கரைப்பானில் போடுங்கள். கடைசியாக 150 டிகிரியில் 10 நிமிடம்.

350 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை வடிகட்டி தடுக்க வேண்டும். விட்டால் மேல்தோல் மட்டும் கூடுதலாகக் கெட்டிப்பட்டுத் தூணுக்குக் குடைத்தலை முளைக்கும். அந்தத் தலை எதிரச்சில் மாட்டிக்கொள்ளும். உரிக்கும்போது தூணோ ரப்பரோ கிழியும்.

தாய் அச்சில் நேராகக் குழிகளையே செய்தால் ஒரு நகல் மிச்சம்தானே என்றால், 10 மைக்ரோமீட்டர் அகலமும் 30 ஆழமும் உள்ள குழியின் அடியில் எஸ்யு-8 முழுதாகக் கரைந்து வெளியேறுவது கடினம். தூணைச் செய்து ரப்பரில் எதிரச்சு எடுப்பதே நிம்மதி. வளையும் அச்சிலிருந்து உரிப்பதும் சுலபம்.

ரப்பர் ஒட்டிக்கொள்ளாமலிருக்க, தகட்டைச் சிறிது நேரம் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் காட்டி, வெற்றிட ஜாடியில் 50 மைக்ரோலிட்டர் சிலேன் சொட்டிய மூடியோடு வையுங்கள். காற்றை உறிஞ்சி வால்வை மூடி, 2 மணி நேரம். சிலேன் ஈரத்தைத் தொட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், ஆகவே ஃபியூம் ஹூடுக்குள்தான் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு).

தூய்மை அறை வசதி இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: புதிதாகப் பறித்த தாமரை இலை. அதன் மேற்பரப்பில் உள்ள முகிழ்கள் ஏறக்குறைய இதே அளவுதான். பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் 1997-இல் விளக்கிய தாமரை விளைவின் மூலமே அது. இலையைத் தட்டில் இருபக்கப் பசைநாடாவால் தட்டையாக ஒட்டி, முன்பே காற்று நீக்கிய பிடிஎம்எஸ்ஸை ஊற்றி, அறை வெப்பநிலையிலேயே 48 மணி நேரம் விடுங்கள். ஊற்றிய பிறகு வெற்றிடத்தில் வைத்தால், தாமரைக்கு இலைத்துளைகள் மேற்புறத்தில் இருப்பதால், இலைக்குள்ளிருக்கும் காற்றே குமிழியாகக் கிளம்பிவரும். சூடேற்றினால் இலை சுருங்கும். முகிழ்மேல் இருக்கும் நுண்ணிய மெழுகு முழுதாக நகலாகாது, ஆகவே இலையின் அளவுக்கு விலக்கும் தன்மை வராது. பழக வேண்டுமானால் இது போதும்.

எதிரச்சு

அடிப்படைப் பிசின் 10 பங்கு, ஹார்டனர் 1 பங்கு, எடைப்படி. நன்றாகக் கலந்து, தாய் அச்சின் மேல் 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, 30 நிமிடம் வெற்றிடத்தில் குமிழி போக்கி, 65 டிகிரியில் 4 மணி நேரம். ஆறிய பிறகே உரியுங்கள்.

இந்த எதிரச்சுக்கும் பிளாஸ்மாவும் சிலேனும் தவறாமல் வேண்டும். பிடிஎம்எஸ் மேல் பிடிஎம்எஸ் ஊற்றினால் இரண்டும் ஒன்றாகி, உரிக்கவே முடியாது. 30 வினாடி பிளாஸ்மா. உடனே மேலே சொன்னபடி சிலேன் ஆவி. பிறகு 80 டிகிரியில் 15 நிமிடம். சோதிக்க எளிய வழி: அச்சின் குழியில்லாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். பிளாஸ்மா முடிந்ததும் பரவி ஓட வேண்டும், சிலேனுக்குப் பிறகு குவிந்து நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் கலவையை ஊற்றாதீர்கள்.

கடத்தும் கலவை

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். நானோகுழாய்கள் ஒன்றையொன்று தொட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வலையாக இணையும்போதுதான் ரப்பர் கடத்தத் தொடங்கும். அந்த வரம்புக்குக் கீழே எவ்வளவு போட்டாலும் காப்புப்பொருள்தான். தாண்டியதும் கடத்துதிறன் பல மடங்கு எகிறும். பலசுவர் குழாய்களுக்கு, நன்றாகப் பிரித்திருந்தால், வரம்பு பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள் வந்துவிடும். நாம் 4 சதவீதம் போடுவது தூண்களுக்குள் போகும் வழியில் ஏற்படும் இழப்புக்கும் சேர்த்து. 5-ஐத் தாண்டினால் அச்சு நிரம்பாது.

நானோகுழாய்த் தூளை ஹூடுக்குள், வடிகட்டி முகக்கவசத்தோடு எடை போடுங்கள். நிலைமின்னால் ஸ்பேட்டுலாவில் ஒட்டும், மூச்சுக்காற்றிலேயே பறக்கும். 0.23 கிராமைப் பீக்கரில் இட்டு உடனே குளோரோஃபார்மை ஊற்றிவிட்டால் அப்புறம் பறக்காது. சாதாரண நைட்ரைல் கையுறையைக் குளோரோஃபார்ம் சில நிமிடங்களில் ஊடுருவும்; பட்டால் உடனே மாற்றுங்கள்.

பீக்கரைப் பனிக்கட்டி நீரில் வைத்து, முனை சோனிக்கேட்டரால் (ஒலி அதிர்வால் கட்டிகளைப் பிரிக்கும் கருவி) 5 வினாடி ஓட்டம், 5 வினாடி ஓய்வு என்று மொத்தம் 20 நிமிட ஓட்டம். ஓய்வும் பனியும் இல்லையென்றால் குளோரோஃபார்ம் கொதித்து ஆவியாகும்; அது 61 டிகிரியிலேயே கொதிப்பது. நிமிடங்களை இஷ்டத்துக்கு நீட்டவும் கூடாது. ஒலி அதிர்வு குழாய்களை உடைக்கும். குட்டையான குழாய்கள் வலையாக இணைய இன்னும் அதிகமாக வேண்டியிருக்கும்.

போதுமா என்று பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள், எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் நசுக்கி 400 மடங்கில் பாருங்கள். சாம்பல் மூட்டம்போல் சீராக இருந்தால் சரி. 3 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட கரும்புள்ளிகள் நிறையத் தெரிந்தால் இன்னும் 5 நிமிடம். அந்தக் கட்டிகள்தான் பின்னால் குழியின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். பிசின் மட்டும் வடிந்து உள்ளே போகும். அடித்தளம் கன்னங்கரேலென்று கடத்தும், தூண்களோ வெளிறிக் காப்புப்பொருளாக நிற்கும். இந்த வேலையில் அடிக்கடி ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் அடித்தளத்தை அளந்தால் எண் நன்றாகவே வரும்.

அடிப்படைப் பிசின் 5 கிராமைச் சேர்த்து (ஹார்டனர் இப்போது வேண்டாம்) அரை மணி நேரம் கிளறி, தொட்டி சோனிக்கேட்டரில் 10 நிமிடம். பிறகு 60 டிகிரியில் கிளறிக்கொண்டே குளோரோஃபார்மை விரட்டுங்கள். தடித்ததும் வெற்றிட அடுப்பில் 70 டிகிரியில் இரவு முழுதும். எப்போது நிறுத்துவது? வெறும் பீக்கரின் எடையை முதலிலேயே குறித்திருந்தால் விடை தானாகத் தெரியும்: உள்ளே 5.23 கிராம் மட்டும் இருக்க வேண்டும். 5.4 காட்டினால் கரைப்பான் இன்னும் ஒளிந்திருக்கிறது. கெட்டிப்படும்போது குமிழியாகவும் சுருக்கமாகவும் வெளிப்படும்.

ஆறவிட்டு ஹார்டனர் 0.5 கிராம். கலவை இப்போது பற்பசைப் பதத்தில் இருப்பதால் கிளறினால் மட்டும் கலக்காது. கண்ணாடித் தகட்டில் பரப்பி, மடித்து, நசுக்கி, குறைந்தது 5 நிமிடம். மூன்று உருளை அரைவை இருந்தால் 20 மைக்ரோமீட்டர் இடைவெளியில் மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். மீந்த கட்டிகளையும் அது உடைக்கும். ஹார்டனர் சேர்த்ததிலிருந்து அறை வெப்பநிலையில் ஒன்றரை மணி நேரம் வேலைக்கு உண்டு. தடித்த கலவைக்கு அதில் பாதியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரப்புதல்

எதிரச்சை முன்கூட்டியே 1 மணி நேரம் வெற்றிடத்தில் வைத்திருங்கள். பிடிஎம்எஸ் காற்றை ஊடுருவ விடும் பொருள். காற்று நீக்கிய அச்சு, மூடிய குழிக்குள் சிக்கிய காற்றைத் தன்னுள் இழுத்துக்கொண்டு கலவைக்கு வழிவிடும். வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குத்தான் இந்த வலிமை, ஆகவே எடுத்ததும் பூசுங்கள்.

கத்தியால் மெல்லிய அடுக்காக, 100 மைக்ரோமீட்டர் அளவுக்கு, குழிகளுக்குள் அழுத்தி இழுத்துப் பூசி, 20 நிமிடம் வெற்றிடம். மறுபடி குறுக்குத் திசையில் இழுத்து, மீதிக் கலவையை அரை மில்லிமீட்டருக்குப் பரப்புங்கள். எதிரெதிர் விளிம்புகளில் செப்புப் பட்டைகளைப் பதியுங்கள். பிசின் நாடா ஒட்டிய செப்பு வேண்டாம். அந்தப் பசை கெட்டிப்படுதலைக் கெடுக்கக்கூடும். மேலே டெஃப்லான் தாள், அதன்மேல் கண்ணாடி, அதன்மேல் 5 கிலோ எடை. இந்தப் பரப்புக்கு அது சுமார் 20 கிலோபாஸ்கல். எடையோடேயே அடுப்பில் 80 டிகிரி, 3 மணி நேரம்.

கலவையை ஹெக்சேன் விட்டு இளக்கினால் சுலபமாக இறங்குமே என்று கை பரபரக்கும். இறங்கும்தான். ஆனால் ஹெக்சேன் எதிரச்சையும் உப்பவைக்கும், ஆவியானபின் குழியில் பாதிதான் நிரம்பியிருக்கும். குட்டைத் தூண் என்றால் மேலே போட்ட எல்லைக் கோணக் கணக்கு முழுதும் கவிழ்ந்துவிடும்.

உரிப்பது முற்றிலும் ஆறியபின், உலர்வாக, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக. வழுக்கட்டும் என்று ஆல்கஹால் விடாதீர்கள். அது காயும்போது அதன் பரப்பு இழுவிசை தூண்களைச் சேர்த்து இழுத்துக் கொத்தாக்கிவிடும். உரித்த அச்சில் கரும்புள்ளிகள் தெரிந்தால் தூண்கள் அறுந்து உள்ளே நிற்கின்றன. காரணம் பெரும்பாலும் சிலேன் போதாமை. அடுத்தது ஹார்டனர் சரியாகக் கலக்காமை.

சோதனை

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். துண்டைச் சாய்வாகத் தண்ணீரில் அமிழ்த்திச் சரிந்த கோணத்தில் பாருங்கள். கறுத்த பரப்பு முழுவதும் வெள்ளிக் கண்ணாடிபோல் பளபளத்தால் தூண்களுக்கிடையே காற்று நிற்கிறது. எங்கெல்லாம் கறுப்பாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் தூண் இல்லை, அல்லது குட்டை, அல்லது சாய்ந்திருக்கிறது. நுண்நோக்கியில் எங்கே பார்ப்பது என்பதற்கு இதுவே வரைபடம்.

தொடுகோணத்துக்கு 5 மைக்ரோலிட்டர் துளி வழக்கம். நல்ல பரப்பானால் அது ஊசியை விட்டு இறங்கவே இறங்காது. 8 அல்லது 10-க்குப் போங்கள். 150 டிகிரி என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், எத்தனை டிகிரி சாய்த்தால் உருள்கிறது என்றும் பாருங்கள். 10-க்குள் உருண்டால்தான் மீநீர்விலக்கு என்று சொல்லலாம். கோணம் 145 காட்டியும் தலைகீழாகக் கவிழ்த்தால் துளி ஒட்டி நின்றால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது.

மின்தடையைத் தூண் தலைகளில் மல்டிமீட்டர் முனைகளை வைத்து அளந்தால் மெகாஓம் காட்டும், பதற வேண்டாம். வார்த்த ரப்பரின் மேல் மெல்லிய தூய சிலிக்கோன் தோல் ஒன்று எப்போதும் இருக்கும், அது காப்புப்பொருள். பதித்த செப்புப் பட்டைகளுக்கிடையே அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுரத்துக்கு (நீளமும் அகலமும் சமமான துண்டுக்கு) சில நூறு முதல் சில ஆயிரம் ஓம் வந்தால் கலவை சரி. லட்சங்களில் வந்தால் சோனிக்கேட்டருக்குத் திரும்புங்கள். துல்லியத்துக்கு நான்குமுனை அளவி: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, தடிமனாலும் 4.53 ஆலும் பெருக்கினால் மின்தடைமை. முனைகளின் இடைவெளி தடிமனைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், துண்டு அந்த இடைவெளியைவிட மிகப் பெரிதாக இருக்க வேண்டும்.

தூண்களின் தலைவழியாகவே மின்சாரம் வேண்டுமென்றால் அந்தத் தோலை நீக்கியாக வேண்டும். ஆக்சிஜன் பிளாஸ்மா அதை அரிக்காது, மேல்தளத்தைச் சிலிக்காவாக மாற்றி நீரை ஈர்க்கவும் வைக்கும். ஃபுளோரின் வாயு கலந்த பிளாஸ்மா அரிக்கும். குழாய் முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். அதன்பின் ஒருமுறை சிலேன் ஆவி காட்டினால், அந்த நீட்டிய முனைகளின் நுண்கரடே நீர் விலக்கலுக்கும் கைகொடுக்கும்.

இழுவையுணரியாகப் பயன்படுத்தப் போகிறீர்களானால், புதுத் துண்டின் முதல் சில இழுப்புகளில் மின்தடை ஏறிக்கொண்டே போகும், பழைய இடத்துக்கு வராது. குழாய் வலை இடம் மாறி அடங்க வேண்டும். பயன்படுத்தப்போகும் அளவுக்குச் சற்று அதிகமாகப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்துவிட்டு, அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, அதற்குப் பிறகு வரும் எண்ணை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிரச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். உரிப்பது முன்பைவிட இறுக்கமாகத் தெரிந்தாலே சிலேன் தேய்ந்துவிட்டது. மீண்டும் பிளாஸ்மா, மீண்டும் சிலேன்.